ஒரு மாதத்துக்கு ஆயா

எங்கள் அப்பா வயதான காலத்தில் இந்தக் கதையை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். "ஒரு தடவை என் சம்சாரம் ஸ்ரீரங்கத்துல, அம்மா மண்டபத்துப் படித்துறையில வெச்சு என் மானத்தை வாங்கிட்டா, கேளுங்க" என்று ஆரம்பிப்பார். கேட்கிறவர்களும் சிரிப்பார்கள். அவர் சொல்லும் விதத்தில் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். எனக்கு மட்டும் வந்ததில்லை. அவர் விட்டுவிட்டுச் சொல்லும் இடங்கள் எல்லாம் எனக்குத் தெரியும். எட்டு வயதில் அந்த இடங்களில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

ரங்கூனில் அப்பா ஓர் அரிசி ஆலையில் குமாஸ்தா. அம்மா பர்மாக்காரி. சந்தையில் சொந்தமாகத் துணிக்கடை வைத்திருந்தவள். பட்டு லுங்கியை விரித்துக் காட்டி, ஒரு வார்த்தை குறையாமல் பேரம் பேசி, விற்று, கடையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வருவாள். அவர்கள் கல்யாணம் அம்மா ஊர் வழக்கப்படி, பெரியவர்கள் பார்க்க இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டு நடந்தது. அந்த ஊரில் தாலி கிடையாது. வீட்டில் அம்மாவோடு பர்மியப் பேச்சு, அப்பாவோடு அரைகுறைத் தமிழ் என்று நாங்கள் மூன்று பிள்ளைகள் வளர்ந்தோம். அம்மாவை "அமே" என்று கூப்பிடுவோம். நான் மூத்தவள். தம்பிக்கு நாலு வயது. தங்கைக்கு ஒன்றேகால்.

ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு, கிடைத்த கப்பலில் ஏறிச் சென்னைக்கு வந்து, அங்கிருந்து ரயிலில் திருச்சிக்கு வந்தோம். அப்பா பிறந்தது மணப்பாறைப் பக்கம் ஒரு கிராமம். அங்கே அவருடைய அண்ணன் இருந்தார். அங்கேயே போகலாமே என்று அம்மா கேட்டாள். அப்பா பேச்சை மாற்றினார். பிறகுதான் தெரிந்தது, பத்து வருஷமாகத் தம் அண்ணனுக்கு எழுதிய ஒரு கடிதத்தில்கூட எங்களைப் பற்றி அவர் ஒரு வரி எழுதியதில்லை.

ஒரு சத்திரத்தில் தங்கினோம். மூன்று நாளைக்கு மேல் இடமில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அப்பா எங்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வீடு தேடினார். அப்போது திருச்சியில் வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. சென்னைக்கும் குண்டு வரும் என்று பயந்து அந்த ஊர்க்காரர்களும் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஆனால் எங்களுக்கு வீடு இல்லை என்றவர்கள் யாரும் வீடு காலியில்லை என்று சொல்லவில்லை. வாசலில் நின்று அப்பாவிடம் நன்றாகத்தான் பேசுவார்கள். அவருக்குப் பின்னால் அம்மா வந்து நின்றதும் பேச்சு மாறும்.

"இவங்க யாரு, பர்மாக்காரங்களா?"

"ஆமாங்க. என் சம்சாரம்."

"அவங்க மீனை அழுக வெச்சு அரைச்சுத் திம்பாங்களாமே. எங்க வீட்டுல கிணறு பொதுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

இன்னொரு வீட்டில் ஒரு பெரியவர் அம்மாவின் லுங்கியைக் கால்வரைக்கும் பார்த்துவிட்டு, "முறையா கல்யாணம் பண்ணின பொம்பளையா?" என்று கேட்டார். என் தம்பியும் நானும் அவர் முன்னால்தான் நின்றோம். அப்பா ஆமாம் என்றுகூடச் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். எனக்கு அன்றைக்குத்தான் முதல்முதலாக அப்பாமேல் கோபம் வந்தது.

நாலாம் நாள் அப்பா தனியாகப் போய்விட்டு மத்தியானம் திரும்பி வந்தார். தென்னூரில் வீடு கிடைத்துவிட்டது, பெரிய வீட்டின் பின்கட்டு, வீட்டுக்காரர் தயவில் மண்டியில் வேலையும் கிடைத்துவிட்டது என்றார். பிறகு பர்மியத்தில், அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், "சம்சாரம் தவறிப்போயிட்டா, பிள்ளைகளைப் பார்த்துக்க ரங்கூனிலிருந்து ஓர் ஆயாவைக் கூட்டிக்கிட்டு வந்திருக்கேன்னு சொல்லியிருக்கேன்" என்றார்.

ரங்கூனில் வெள்ளைக்காரர் வீடுகளிலெல்லாம் ஆயாக்கள் இருந்தார்கள். அம்மாவின் கடைக்கே வந்து துணி வாங்குவார்கள். அந்த வார்த்தைக்கு அம்மாவுக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. அவள் தங்கையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"எத்தனை நாளைக்கு?" என்று கேட்டாள்.

"ஒரு மாசம். வேலை நிலைச்சதும் வேற வீடு பார்த்துடறேன்."

சத்திரத்து வாசலில் எங்கள் மூட்டையை ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார்கள். அம்மா தலையை அசைத்தாள்.

அப்பா என்னையும் தம்பியையும் உட்கார வைத்துப் பாடம் சொல்லிக்கொடுத்தார். வெளியே யாராவது இருக்கும்போது "அமே" என்று கூப்பிடக்கூடாது. ஆயா என்றுதான் கூப்பிட வேண்டும். அம்மா எங்கே என்று கேட்டால் செத்துப்போய்விட்டாள் என்று சொல்ல வேண்டும். தம்பி அம்மாவைப் பார்த்தான். "அமே செத்துப்போகலையே" என்றான். அவனுக்குப் புரிய வைக்கச் சாயங்காலம்வரைக்கும் ஆயிற்று.

தென்னூர் வீட்டுக்காரம்மா கெட்டவள் என்று நான் சொல்லமாட்டேன். எங்களுக்கு முறுக்கு கொடுப்பாள், தலை வாரிவிடுவாள், "தாயில்லாப் பிள்ளைங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அந்தக் கண்ணைத் துடைத்த கையாலேயே அம்மாவைச் சுட்டி, "ஏய் ஆயா, சும்மாத்தானே இருக்கே, இந்த உளுந்தை ஆட்டிக் கொடு" என்பாள். முதல் வாரம் உளுந்து. அடுத்த வாரம் பாத்திரம். அதற்கடுத்து அவள் மாமனாரின் அழுக்குத் துணி. அம்மா மறுக்காமல் செய்தாள். சந்தையில் நாலு பேரை வேலைக்கு வைத்துக் கடை நடத்தியவள், கிணற்றடியில் குந்தி அடுத்தவர் வேட்டிக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாள்.

பின்கட்டில் ஓர் அறைதான். அப்பாவும் நாங்களும் உள்ளே படுத்தோம். ஆயா உள்ளே படுத்தால் ஊர் என்ன சொல்லும்? அம்மா விறகு அடுக்கியிருந்த தாழ்வாரத்தில் படுத்தாள்.

இதையெல்லாம்விட ஒன்றை என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. தங்கை அப்போது பால் குடிக்கிற குழந்தை. ஆயாவிடம் பிள்ளை பால் குடித்தால் குட்டு வெளிப்பட்டுவிடுமே என்று, குடிபோன மறுநாளே அப்பா வேப்பிலை பறித்துக்கொண்டு வந்தார். அதை அரைத்துத் தடவிக்கொள்ளச் சொன்னார். அம்மா அரைத்தாள். தங்கை வாயை வைத்துவிட்டு முகத்தைச் சுளித்து வீறிட்டது. மறுபடி வைத்தது. மறுபடி வீறிட்டது. மூன்று நாள் இப்படி. வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, "பாவம், பெத்தவளை நெனச்சு ஏங்குது" என்று சொல்லிவிட்டுப் போனாள். பெற்றவள் பால் கட்டி, ஜுரம் வந்து, அந்தக் குழந்தைக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள்.

என்னைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார் அப்பா. ரங்கூனில் மூன்றாவது படித்தவளைத் தமிழ் எழுதத் தெரியவில்லை என்று ஒன்றாவதில், மூக்கு ஒழுகும் பிள்ளைகளோடு உட்கார வைத்தார்கள். அம்மா என்ன செய்கிறாள் என்று டீச்சர் கேட்டார். செத்துப்போய்விட்டாள் என்றேன். ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சொன்னேன். அவர் என் கன்னத்தைத் தடவி, மேஜையிலிருந்து ஒரு கடலை உருண்டையை எடுத்துக் கொடுத்தார். நான் அதை வாங்கித் தின்றேன். அன்று மத்தியானம் அம்மா எனக்குச் சோறு எடுத்துக்கொண்டு வந்து வெளிக்கேட்டுக்குப் பக்கத்தில் வெயிலில் நின்றாள். "உங்க ஆயா வந்திருக்கு" என்று ஒரு பெண் வந்து சொன்னாள். நான் எழுந்து போனேன்.

ஒரு மாதம் ஆயிற்று. இரண்டு மாதம் ஆயிற்று. அம்மா கேட்கும்போதெல்லாம் அப்பா, "வீடு கிடைக்கலையே, என்ன செய்ய?" என்பார். அவர் தேடவே இல்லை. காலையில் மண்டிக்குப் போவார். வந்தால் வீட்டுக்காரரோடு முன்வாசலில் உட்கார்ந்து யுத்தச் செய்தி பேசுவார். யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அதற்கடியில் அவர் மட்டும் சௌகரியமாகக் குடித்தனம் நடத்தினார். அந்தப் பொய்யைச் சுமந்தது நாங்கள்.

அம்மா இதற்கிடையில் தமிழ் கற்றுக்கொண்டாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கிணற்றடியில் பெண்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருப்பாள். ஆயாவுக்குத் தமிழ் தெரியாது என்று நினைத்து அவள் முன்னாலேயே அவர்கள் எல்லாவற்றையும் பேசினார்கள். அப்படித்தான் ஆனி மாதக் கடைசியில் ஒரு பேச்சு அவள் காதில் விழுந்தது. வீட்டுக்காரம்மா எதிர்வீட்டுப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளைக்குத்தான் அந்த மனுஷன் ஆயா கையால சாப்பிடுவாரு? உறையூர்ல எனக்குத் தெரிஞ்ச பொண்ணு ஒண்ணு இருக்கு. அவரு சாதிதான். அம்மை வடு இருக்கறதால தள்ளிக்கிட்டே போவுது. பதினெட்டாம் பெருக்குக்கு ஸ்ரீரங்கம் வரச் சொல்லியிருக்கேன். அங்கேயே பார்த்துக்கட்டும்."

அன்று சாயங்காலம் அம்மா அப்பாவிடம் கேட்டாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"நீங்க வேண்டாம்னு சொல்லிட்டீங்களா?"

"எப்படிச் சொல்றது? அவங்க தயவுல இருக்கோம். சும்மா பார்த்துட்டு வந்துடலாம். அப்புறம் பிடிக்கலைன்னு சொல்லிக்கலாம்."

ஒரு பெண்ணைப் போய்ப் பார்த்துவிட்டு, முகத்தில் வடு இருக்கிறது பிடிக்கவில்லை என்று சொல்லிவிடலாம் என்று நினைத்திருக்கிறார். இன்னொரு வீட்டுப் பெண்ணின் தலையில் இந்தப் பழியையும் சேர்த்து வைக்க அவருக்குக் கூசவில்லை.

ஆடிப் பதினெட்டு அன்று இரண்டு ஜட்காவில் கிளம்பினோம். முன்வண்டியில் அப்பாவும் வீட்டுக்காரரும் அவர் தகப்பனாரும். பின்வண்டியில் வீட்டுக்காரம்மா, நாங்கள், சோற்றுத் தூக்குகளோடு அம்மா. காவேரி இரண்டு கரையும் தொட்டுச் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. அம்மா மண்டபத்துப் படித்துறையில் கால் வைக்க இடமில்லை. பெண்கள் ஈரப் புடவையோடு மஞ்சளும் காதோலையும் கருகமணியும் வைத்துப் பூஜை செய்து ஆற்றில் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

உறையூர்க்காரர்கள் முன்பே வந்து ஒரு மரத்தடியில் இடம் பிடித்திருந்தார்கள். அந்தப் பெண்ணும் அவள் தாயாரும், கூட ஓர் உறவுக்காரரும். தாயார் தறி நெய்கிற குடும்பத்துச் சுமங்கலி, நல்ல மஞ்சள் பூசிய முகம். அவள் கணவரால் தறியை விட்டு வர முடியவில்லையாம். பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். தலையைக் குனிந்தபடி என் தம்பிக்கு வாழை இலையில் தேங்காய்ச் சாதம் வைத்தாள். அவன் அவளையே பார்த்தான். அப்பா நாலடி தள்ளி நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா தங்கையை மடியில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

பூஜை முடிந்ததும் அந்தத் தாயார் ஒரு தட்டில் மஞ்சள் கயிறுகளை எடுத்துக்கொண்டு சுற்றி உட்கார்ந்திருந்த சுமங்கலிப் பெண்கள் கழுத்தில் ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டே வந்தாள். வீட்டுக்காரம்மாவுக்குக் கட்டினாள். தெரியாத இரண்டு பெண்களுக்குக் கட்டினாள். அம்மாவின் முன்னால் வந்து தயங்கினாள்.

"நீ கல்யாணம் ஆனவளா, ஆத்தா?"

"அவ பர்மாக்காரி, பிள்ளைங்களைப் பார்த்துக்கற ஆயா. அவளுக்கு எதுக்கு, விடுங்க" என்றாள் வீட்டுக்காரம்மா.

கூட வந்திருந்த உறவுக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார். "ஆமா, அதையும் பேசிடணும். நம்ம பொண்ணு வந்துட்டா ஆயா எதுக்கு? அனுப்பிடுவாங்கல்ல?"

அம்மா எழுந்து நின்றாள். தங்கையை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். ஆறு மாதத்தில் வீட்டுக்கு வெளியே அவள் ஒரு முழு வாக்கியம் தமிழில் பேசி யாரும் கேட்டதில்லை.

"எனக்கும் கட்டுங்க" என்றாள். "என் வீட்டுக்காரரு அதோ நிக்கறாரு. இந்த மூணும் நான் பெத்த பிள்ளைங்க. நான் ஆயா இல்லை."

கிணற்றடியில் கேட்டுக் கேட்டுப் படித்த தமிழ்.

தட்டோடு நின்ற உறையூர் அம்மாள் அப்பாவைப் பார்த்து, "இது நிசங்களா?" என்று கேட்டாள். பதில் சொல்ல அவருக்கு எவ்வளவோ நேரம் இருந்தது. ஆமாம் என்ற ஒரு வார்த்தை போதும். அவர் ஆற்றையே பார்த்தார். அந்த அம்மாள் என்னிடம் திரும்பினாள். "பாப்பா, நீ சொல்லு. இவங்க யாரு?"

நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. அம்மா பக்கத்தில் நிற்கும்போது நான் உத்தரவுக்காக அப்பாவைப் பார்த்தேன். அதற்குள் தம்பி, வாயில் சோற்றோடு, "அமே" என்றான். பிறகு அந்தப் பெண்ணுக்குப் புரியட்டும் என்று தமிழிலும் சொன்னான். "எங்க அம்மா."

உறையூர் அம்மாள் தட்டிலிருந்து ஒரு கயிற்றை எடுத்து அம்மாவின் கழுத்தில் கட்டினாள். குங்குமம் வைத்தாள். வீட்டுக்காரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "சுமங்கலின்னு சொல்லிக் கேட்டவளுக்கு இல்லைன்னு சொல்ல முடியுமா?" என்று கேட்டுவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். அவர்கள் சாப்பிடக்கூட இல்லை.

திரும்பும்போது வீட்டுக்காரம்மா எங்களை ஜட்காவில் ஏற்றவில்லை. அம்மா மண்டபத்திலிருந்து காவேரிப் பாலத்தைக் கடந்து தென்னூர்வரை நடந்தோம். அப்பா முன்னால் போனார். அம்மா தங்கையைத் தூக்கிக்கொண்டு, தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

வீட்டுக்குப் போனால் எங்கள் சாமான்கள் கொல்லையில் கிடந்தன. அம்மா தொட்ட மண்பானைகளை எல்லாம் தெருவில் போட்டு உடைத்திருந்தார்கள். கிணற்றை இறைக்க ஆள் வந்திருந்தது. எனக்கு இதுதான் விளங்கவில்லை, இப்போதும் விளங்கவில்லை. ஆறு மாதம் அவள் ஆட்டிய மாவில்தான் அந்த வீட்டார் இட்லி தின்றார்கள். அவள் துவைத்த வேட்டியைக் கட்டிக்கொண்டுதான் கிழவனார் கோயிலுக்குப் போனார். அவள் ஆயாவாக இருந்தவரைக்கும் அந்தக் கை சுத்தமாக இருந்தது. ஒருவருடைய மனைவி என்று தெரிந்ததும் கிணறு தீட்டாகிவிட்டது.

"எங்களை ஏமாத்திட்டீங்களே, நீங்க நல்லா இருப்பீங்களா?" என்று வீட்டுக்காரம்மா அம்மாவைப் பார்த்துத்தான் கத்தினாள். பொய் சொன்ன மனிதர் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு நாள் கெடு கொடுத்தார்கள்.

மறுநாள் அப்பா பயந்துகொண்டே மண்டிக்குப் போனார். வேலை போய்விடும் என்றுதானே இத்தனையும்? மண்டிக்காரருக்கு விஷயம் எட்டியிருந்தது. "உங்க வீட்டு விவகாரம் எனக்கு எதுக்குங்க? மூட்டை வந்திருக்கு, போய்ப் பாருங்க" என்று சொல்லிவிட்டார். எங்கள் ஆறு மாதத்துக்கு அவ்வளவுதான் காரணம் இருந்திருக்கிறது.

கெடு முடியும் நாள் காலையில் உறையூர் அம்மாள் வந்தாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து அப்பா உள்ளே போய்விட்டார். அவள் முன்கட்டைத் திரும்பிக்கூடப் பாராமல் நேரே கொல்லைக்கு வந்து, துணி மூட்டை கட்டிக்கொண்டிருந்த அம்மாவின் முன்னால் நின்றாள்.

"நீ வாயைத் திறக்கலைன்னா என் பொண்ணு கதி என்னாயிருக்கும், தங்கச்சி? ஒருத்தி புருஷனுக்குக் கழுத்தை நீட்டிட்டு, அவளையே வேலைக்காரின்னு ஏவிக்கிட்டு இருந்திருப்பா. எங்க வீட்டுப் பின்னால ஒரு கொட்டகை இருக்கு. மழைக்கு ஒரு மூலை ஒழுகும். பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு வா."

"மீன் சமைப்பேன்" என்றாள் அம்மா. முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்திருந்தாள்போல.

"நாங்களும்தான் சமைப்போம்" என்றாள் அவள்.

உறையூர் அப்படித்தான் எங்கள் ஊரானது. அந்தத் தெருவிலும் வேடிக்கை பார்த்தவர்கள் உண்டு. சப்பை மூக்கு என்று தம்பியைக் கேலி செய்த பிள்ளைகள் உண்டு. ஆனால் யார் கேட்டாலும் யார் என்று சொல்ல எங்களுக்கு ஓர் உண்மையான பதில் இருந்தது. அம்மா ராட்டையில் நூல் சுற்றக் கற்றுக்கொண்டாள். வடு முகத்து அக்காவும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து வேலை செய்வார்கள். மறுவருஷம் அந்த அக்காவுக்குக் கரூரில் கல்யாணம் ஆயிற்று. பந்தலுக்கு வாழைமரம் கட்டியவர்களில் அப்பாவும் ஒருவர். அதுவரைக்கும் உறையூர் அம்மாள் அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

வீடு மாறியதும் அம்மா என் தென்னூர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். அப்பா வேண்டாம் என்றுதான் சொன்னார். அவள் புடவை கட்டிக்கொண்டு வந்து டீச்சரிடம், "நான் இவ அம்மா. உயிரோடதான் இருக்கேன்" என்றாள். டீச்சர் அவளுக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்து நன்றாகப் பேசி அனுப்பினார். அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார். பெற்ற தாயைச் செத்துவிட்டாள் என்று சொன்ன நாக்கு என்று திட்டி, உள்ளங்கையில் பிரம்பால் ஆறு அடி அடித்தார். நான் அழுதுகொண்டே, அப்பாதான் சொல்லச் சொன்னார் என்றேன். "அப்பா மேல பழி போடறியா?" என்று ஏழாவது அடியும் விழுந்தது. அடி எனக்கு வலித்ததைவிட, என் அப்பாவுக்கு இந்த ஊரில் ஒரு பிரம்பும் இல்லையே என்பதுதான் வலித்தது.

ரேஷன் வந்த வருஷம், வீட்டு ஆட்களை எழுதிக்கொண்டு போக ஒரு குமாஸ்தா எங்கள் தெருவுக்கு வந்தார். கொட்டகை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அப்பாவின் பெயர், வயதெல்லாம் எழுதினார். பிள்ளைகள் மூன்று பேர் என்று எழுதினார். உள்ளே அடுப்படியில் இருந்த அம்மாவைப் பேனாவால் காட்டி, "அவங்க உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

அப்பா ஏதோ முனகினார்.

"காதுல விழலைங்க."

"சத்தமா சொல்லுங்க" என்றாள் அம்மா உள்ளேயிருந்து. தாளிக்கிற கரண்டியை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டாள்.

"சம்சாரம்" என்றார் அப்பா. இந்தத் தடவை பக்கத்துத் தறிக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். குமாஸ்தா எழுதிக்கொண்டார். அம்மா வெளியே வந்து, எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியிருந்ததால், அவர் எழுதியதை விரல் வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்துப் பார்த்தாள். சரியாக இருக்கிறது என்று தெரிந்ததும் மறுபடி சமைக்கப் போனாள்.